ஆரணிக்காகச் சொல்லிவைத்தது

1

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஆரணி வேலைக்குப் போனாள், நான் வீட்டில் நின்றேன். செய்தி இவ்வளவுதான். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சந்தோசமான செய்தியாகத்தான் தெரியும். என் அக்காவுக்கும் அப்படித்தான் தெரிந்தது. "உனக்கென்னடி, குடுத்து வச்சனி. பிள்ளை உழைக்கத் தொடங்கிட்டாள், இனிக் காலை நீட்டிக்கொண்டு இரு" என்று போனில் சொன்னாள். எனக்கோ பயம்தான் வந்தது. ஏனென்றால் ஆரணி போனது என்னுடைய வேலைக்கு. நான் வருடக்கணக்காக நின்ற கவுண்டருக்கு, என்னுடைய ஷிப்டுக்கு.

ஆரணி என் ஒரே மகள். பதினேழு வயது, ஆவணி கடைசியில்தான் பதினெட்டு. நான் வேலை செய்வது லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில். கறிவேப்பிலை, உறைந்த மீன், இடியப்ப மா, பார்சல் அனுப்புகிற மேசை, எல்லாம் நான்தான். இவருக்கு, ஆரணியின் அப்பாவுக்கு, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு கிழமைக்கு மூன்று நாள் மட்டும் ஒரு குடோனில் வேலை. வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான் போகிறது.

இதைத் தமிழில் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆரணிக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். உயிரெழுத்து முடிந்து மெய்யெழுத்து வரும்போதே அவளுக்கு நீச்சல் வகுப்பு வந்துவிட்டது. பிள்ளைக்கு எழுத்துத் தெரியாமல் போச்சே என்று அழுத நாட்கள் உண்டு. இன்றைக்கு அதுதான் எனக்குத் துணிவு. வெட்கக்கேடு, வேறு என்ன சொல்ல!

2

நான் லண்டனுக்கு வந்த புதிதில், கோடை விடுமுறை என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலைக்குப் போவது சர்வசாதாரணம். சப்பாத்துக் கடையில் பெட்டி தூக்குவார்கள், ஐஸ்கிரீம் விற்பார்கள், அந்தக் காசில் ஒரு போனோ சட்டையோ வாங்குவார்கள். வேலை கிடைக்குமா என்று ஒரு தாயும் பயந்ததை நான் காணவில்லை.

இப்போது கதை வேறு. பரீட்சை எழுதி முடித்த அன்றே ஆரணி தேடத் தொடங்கினாள். காபிக் கடை, சினிமாத் தியேட்டர், விளையாட்டுச் சாமான் கடை, பூங்காவில் குப்பை பொறுக்குகிற வேலை என்று ஒன்றையும் விடவில்லை. ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. பதில் வந்தாலும் மெஷின் அனுப்பிய பதில். சின்ன வகுப்பிலிருந்து கூடப் படித்த சினேகிதி வீட்டுக்கு வந்தால், கம்ப்யூட்டரைப் பட்டென்று மூடிவிடுவாள்.

"அம்மா, நான் எங்கை அப்ளை பண்ணினனான் எண்டு அவளுக்குச் சொல்லக்கூடாது. ப்ளீஸ்."

"ஏனடி, அவள் உன்ரை சினேகிதிதானே?"

"அவளும் அங்கைதான் போடுவாள்."

ஒரே சிப்ஸ் பொதியில் கை விட்டுச் சாப்பிட்ட பிள்ளைகள். எனக்கு அன்றைக்கே பயம் பிடித்தது.

ஒருநாள் அவளுடைய அறைக்குள் கதைக்கும் சத்தம். கதவு சாத்தியிருந்தது. குரலில் ஒரு குழைவு, ஒரு சிரிப்பு. யாரோ பெடியன் என்றுதான் நினைத்தேன். காதைக் கதவில் வைத்தேன், தாய்க்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது! உள்ளே ஆரணி இங்கிலிஷில், "மற்ற ஆட்களோடை சேர்ந்து வேலை செய்யிறதெண்டால் எனக்கு உயிர்" என்ற கருத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டு நிறுத்துவாள். பிறகு அதையே இன்னும் கொஞ்சம் சிரித்துச் சொல்லுவாள். பிறகுதான் விளங்கியது, அது நேர்முகத் தேர்வாம். ஆனால் அந்தப் பக்கம் ஆளே இல்லையாம். திரையில் கேள்வி வரும், பிள்ளை சிரித்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும், மெஷின் பார்த்துப் புள்ளி போடும். பெடியனாக இருந்திருந்தால்கூட ஒரு மனுசன் இருந்திருப்பானே என்று தோன்றியது. ஒரு சான்ட்விச் கடையில் பாண் வெட்டுகிற வேலைக்குத்தான் இந்தக் கூத்து. அதுவும் கிடைக்கவில்லை.

3

எங்கள் ஆட்களுக்கு வேலை என்றால் அது சொல்லிவைத்துக் கிடைப்பது. இவருக்கு முதன்முதல் பெட்ரோல் ஷெட்டில் வேலை கிடைத்தது ஈஸ்ட் ஹாமில் இருந்த தமையன் சொல்லிவைத்து. எனக்கு இந்தக் கடை கிடைத்தது மேல்வீட்டு அக்கா கனடா போகும்போது சொல்லிவைத்து. தெரிந்த இடத்தில் நம் ஆளுக்கு ஒரு சொல் சொல்லாமல் விடுகிறவரை எங்கள் சனம் மனுசராகவே மதிக்காது.

ஆகவே எங்கள் முதலாளி தேவன், கோடைக்கு ஓர் ஆள் தேவை என்று கடைக் கதவில் ஒட்டியபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. மறுநாள் காலை கடை திறக்கப் போனால் வாசலில் கியூ. பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களோடு தாய் தகப்பன்மார், பட்டம் முடித்துவிட்டு வேலை இல்லாமல் நிற்கிற தாடிக்காரப் பெடியள். வாடிக்கையாளர் என்று நினைத்து நான், "இன்னும் திறக்கேல்லை" என்றேன். "வேலைக்கு" என்றார்கள்.

கியூவில் வித்யாவும் நின்றாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, புருசனும் அவளும் ஐடியில் பெரிய வேலை, கடைக்கு வரும்போதெல்லாம் விலை பார்க்காமல் எடுக்கிற குடும்பம். பக்கத்தில் அவளுடைய உயரமான மகன், கழுத்தில் ஹெட்போன், கண் நிலத்தில்.

"நீங்களோ? உங்கடை பிள்ளைக்கு உந்த வேலை என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"ஆமா அக்கா, அப்படித்தான் நானும் நினைச்சேன். எங்க ஆபீஸ்ல பாதிப் பேரை அனுப்பிட்டாங்க. அடுத்த லிஸ்ட்ல நான் இருப்பனோ அவர் இருப்பாரோன்னு தெரியல" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "நீங்க ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா" என்றாள்.

வித்யாவே பயந்து நின்றால் நான் எம்மாத்திரம்? "பாப்பம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நேரே தேவனிடம் நின்றேன். தேவன் என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, வெளியிலை நிக்கிற சனத்தை அனுப்பிவிடுங்கோ. என்ரை பிள்ளை இருக்கிறாள்."

"படிக்கிற பிள்ளையல்லோ அக்கா, உந்த வேலை செய்வாளே?"

அந்த இடத்தில் நான், "ஓம், செய்வாள்" என்று நிறுத்தியிருக்க வேண்டும். எங்கள் சனத்துக்கு நிறுத்தத் தெரியாதே! சம்பந்தம் பேசுவதுபோலத் தொடங்கிவிட்டேன். "செய்வாளோ? நான் நாள் முழுக்கச் செய்யிறதை அவள் அரை நாளிலை செய்துபோடுவாள். அந்தப் பார்சல் மெஷினை எனக்குச் சொல்லித் தந்ததே அவள்தான். எனக்கு அது இப்பவும் ஒழுங்காய் வராது."

தேவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சந்தோசத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

4

முதல் கிழமை வீட்டில் பண்டிகைதான். பொய் சொல்லக்கூடாது, ஆரணி கெட்டிக்காரி. என்னோடு கதைக்காத சனம்கூட அவளோடு கதைத்தது. அவளுடைய தமிழைக் கேட்கவே சிலர் வந்தார்கள். சாமான் எல்லாம் எடுத்தாயிற்றா என்று கேட்பதற்கு ஒரு வயதான ஐயாவைப் பார்த்து, "ஐயா, நீங்கள் முடிஞ்சிட்டீங்களோ?" என்று கேட்டிருக்கிறாள். அவர், "இன்னும் இல்லைப் பிள்ளை, கொஞ்சக் காலம் கிடக்கு" என்றாராம். கடையே சிரித்ததாம். நானும் சிரித்தேன்.

இரண்டாம் கிழமை தேவன் என் சனிக்கிழமையை அவளுக்குக் கொடுத்தார். "அக்கா, நீங்களும் ஒரு சனி வீட்டிலை நில்லுங்கோவன்" என்றார். நல்ல மனுசன் என்று இவரிடம் புகழ்ந்தேன். பிறகு புதன் போனது. பிறகு வெள்ளி, திங்கள். "இந்தக் கிழமை மட்டும்" என்பார். கடைசியில் எனக்கு என்று மிஞ்சியது வியாழன் பின்நேரம், உறைந்த மீன் லொறி வருகிற நேரம், பெட்டி தூக்க.

ஒருநாள் குரலை அடக்கிக்கொண்டு கேட்டேன். தேவன் கண்ணைப் பார்த்துக் கதைக்கவில்லை.

"கோவிக்காதேங்கோ அக்கா. கடை வாடகையை ஏத்திப்போட்டான். கரண்ட் பில் பாத்தால் தலை சுத்துது. அவளுக்குக் குடுக்கிறது வேறை, உங்களுக்குக் குடுக்கிறது வேறை. பதினெட்டு ஆகாத பிள்ளைக்குக் குறையக் குடுக்கலாம், சட்டமே அப்பிடித்தான் கிடக்கு. வேலையும் நீங்கள் சொன்ன மாதிரியே டக்கு டக்கெண்டு செய்யிறாள்."

நான் சொன்ன மாதிரியே! வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுவிட்டு, குத்துது குடையுது என்றால் யார் கேட்பார்கள்?

வேலை மணித்தியாலம் குறைந்தால் அரசாங்க உதவிப் பணம் தருகிற பெனிபிட் ஆட்களுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தேன். போனில் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு, கடைசியில் ஒரு பிள்ளை வந்து, ஏன் மணித்தியாலம் குறைந்தது என்று கேட்டாள். "இன்னொராளை எடுத்திட்டினம்" என்றேன். யாரை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அவள் மிகவும் அன்பாக, புதிய வேலை தேடச் சொன்னாள். கோடைக்கால வேலைகள் நிறைய இருக்குமே என்றாள்.

ஆரணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா களைத்துப்போய்த் தானாகத்தான் நாள் குறைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். நான்தான் அப்படிச் சொன்னேன். முதல் சம்பளத்தில் எனக்கு முதுகுக்கு வைக்கும் சூட்டுப் பை ஒன்று வாங்கி வந்தாள். அதை முதுகில் வைத்துக்கொண்டு நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். இவள் பள்ளிக்கூடம் முடித்தாயிற்று, பல்கலைக்கழகம் போய்விடுவாள், அதற்குப் பிறகு தேவன் என்னைக் கூப்பிடுவாரா? கூப்பிடாவிட்டால் இந்த வயதில், இந்த இங்கிலிஷோடு, நான் எந்த மெஷினைப் பார்த்துச் சிரிப்பது?

5

ஆவணியில் பரீட்சை முடிவு வந்தது. நல்ல புள்ளிகள். கேட்ட இடமே கிடைத்தது, ஊர் விட்டு ஊர் போய்க் கணக்கியல் படிக்க. நான் லூயிஷாம் சிவன் கோயிலுக்கு நேர்ந்திருந்தேன். ரயில் ஏறிப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து விபூதியை நீட்டினால், பிள்ளை பூசிக்கொண்டு சொல்லுகிறாள்:

"அம்மா, நான் யூனிக்குப் போகேல்லை. தேவன் அங்கிள் செப்டெம்பருக்குப் பிறகும் நிக்கச் சொல்லுறார். புல் டைம்."

"என்னடி விசர்க் கதை?"

"அம்மா, அந்தக் கியூவிலை டிகிரி முடிச்ச ஆக்களும் நிண்டவை எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்? அவை எல்லாம் கடன் எடுத்துப் படிச்சவை. எனக்குக் கையிலை வேலை கிடக்கு. இதை விட்டிட்டுப் போய், படிச்சு முடிச்சு வந்து, திரும்ப அந்தக் கியூவிலை நிக்கிறதோ?" என்றாள். பிறகு இங்கிலிஷுக்கு மாறினாள். அவள் பயந்தால் இங்கிலிஷுக்கு மாறுவாள். ஒரு வருசம் மட்டும்தான், பிறகு பார்க்கலாம், அப்பாவுக்கும் உதவி, என்றாள்.

இவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, "பிள்ளை சொல்லுறதிலையும் ஞாயம் கிடக்கு" என்றார். அவரைப் பார்த்த பார்வையில் மனுசன் டிவிக்குத் திரும்பிவிட்டார்.

ஒரு வருசம் மட்டும். இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு ஈரக்குலை நடுங்கும். நான் ஏஎல் என்கிற பள்ளிக் கடைசிப் பரீட்சை எடுக்க வேண்டிய வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோம். வன்னியில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் மாவும் பருப்பும் நிறுக்க ஆள் தேவைப்பட்டது. அப்பா மனேஜரைத் தெரியும் என்று சொல்லிவைத்தார். "கொஞ்ச நாளைக்குத்தான் பிள்ளை, நிலைமை சரிவர நீ படிக்கலாம்" என்றார். நானும் சந்தோசமாகத்தான் போனேன். தராசு பிடித்தால் வீட்டுக்கு அரிசி வரும். எனக்குப் பௌதிகம் நன்றாக வரும் என்று இப்போது யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நிலைமை சரிவரவில்லை. பிறகு கொழும்பு, பிறகு கலியாணம், பிறகு இந்த நாடு. வன்னியில் பிடித்த தராசை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. என்னை யாரும் அடித்து விரட்டவில்லை. ஒவ்வொரு முறையும், கொஞ்ச நாளைக்குத்தான் என்று அன்பாகத்தான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. என் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவள், என் வேலை அவளைப் பிடித்துக்கொண்டுவிடுமோ என்று பயப்படத் தொடங்கினேன். எது பெரிய பயம் என்று கேட்டால், தாய் என்ற முறையில் இரண்டாவது என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லுகிறேன்.

6

ஆரணி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போகிற நேரம் பார்த்துக் கடைக்குப் போனேன். பஸ் தரிப்பில் ஒளிந்து நின்று அவள் போவதைப் பார்த்தேன். பெற்ற பிள்ளைக்கு ஒளிந்து நிற்கிற தாயை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?

"தம்பி, ஆரணியை நிப்பாட்டுங்கோ" என்றேன்.

தேவன் பழப்பெட்டியைக் கீழே வைத்தார். "அக்கா, நீங்கள்தானே கொண்டுவந்து விட்டனீங்கள்!"

"ஓம், நான்தான். இப்பவும் நான்தான் கேக்கிறன். அவள் படிக்கப் போகேல்லை எண்டுறாள்."

"அதுக்கு நான் என்ன செய்ய ஏலும்? அவள் விருப்பத்திலை நிக்கிறாள். ஒரு பிழையும் விடாத பிள்ளையை என்னெண்டு சொல்லி அனுப்புறது?"

"வியாபாரம் குறைவு எண்டு சொல்லுங்கோ. என்ரை பேர் வரக்கூடாது."

"அக்கா, எனக்கு அவள் தேவை."

"உங்கடை மகன் லெஸ்டரிலை படிக்கிறான். அவன் விட்டிட்டு வந்து இதிலை நிண்டு கறிவேப்பிலை கட்டுறன் எண்டால் விடுவீங்களோ?"

வெளியே ஒரு கிழவி வெண்டைக்காயை நுனி முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் ஏதோ சொல்லப் போன தேவன் சொல்லாமல் திரும்பினார்.

"சரி. அப்ப எனக்கு ஆள் வேணும். நீங்கள் பழையபடி வாறீங்களோ? அஞ்சு நாள் ஏலாது, நாலு நாள்."

"ஓம்" என்றேன்.

யோசித்துச் சொன்ன ஓம் இல்லை அது. அவர் கேட்டு முடிக்க முதலே வாயிலிருந்து விழுந்துவிட்டது. நன்றி தம்பி என்றுகூடச் சொன்னேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் வேர்க்கத் தொடங்கியது. நான் எதற்குப் போனேன்? பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றவா, என் நாலு நாளைக் காப்பாற்றவா? பிள்ளைக்காகத்தான் என்று கடவுளுக்குமுன் சொல்லுவேன். ஆனால் நாலு நாள் என்று கேட்டபோது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வந்ததே, அது யாருக்காக? அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

7

மறுநாள் பின்நேரம் ஆரணி வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. மாடிப்படியில் அப்படியே இருந்துவிட்டாள்.

"அம்மா, என்னை வேண்டாமாம்."

"ஏனாம்?" என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே சரியாகத்தான் இருந்தது.

"பிஸினஸ் டல்லாம். சும்மா சொல்லுறார். இண்டைக்கும் கடை நிறைய ஆக்கள்." அவள் விரலை மடித்துத் தன் பிழைகளை எண்ணத் தொடங்கினாள். முட்டைத் தட்டைப் போட்டு உடைத்த நாள். மிச்சக் காசு மாறிக் கொடுத்த நாள். அந்த ஐயாவைப் பார்த்துக் கேட்ட கேள்வி. "அவர் கோவிச்சுப் போய் கம்ப்ளெயின் பண்ணியிருப்பாரோ அம்மா? எல்லாரும் சிரிச்சவைதானே?"

"நீ ஒரு பிழையும் விடேல்லை."

"அப்ப ஏன்?"

பயத்தோடு அவள் முகத்தைப் பார்த்தேன். தேவன் சொல்லிவிட்டாரா? சொல்லவில்லை. அந்த முகத்தில் சந்தேகம் இருந்தது, ஆனால் அது என்மேல் இல்லை. தன்மேல்.

"எனக்கு ஒரு கடையிலை சாமான் பாக் கட்டவே ஏலாது. நான் யூனிக்குப் போய் என்னத்தைக் கிழிக்கப் போறன்?" என்றாள்.

கடவுளே, இதை நான் நினைக்கவில்லை. வேலை போனால் படிக்கப் போவாள் என்றுதானே கணக்குப் போட்டேன்! பல்கலைக்கழகத்துக்கு அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. சொல்ல இன்னும் சில நாட்களே இருக்கின்றன. நான்தான் செய்தேன் பிள்ளை, உன்னில் ஒரு குறையும் இல்லை, நீ அங்கே நின்றிருந்தால் அந்தக் கடையையே நடத்தியிருப்பாய் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை திரும்பும். என்மேல்?

பக்கத்தில் போய்ப் படியில் இருந்தேன். சின்ன வயதில் சாய்வதுபோலத் தோளில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

"அம்மா, உங்களுக்குத் தேவன் அங்கிளை வடிவாய்த் தெரியும்தானே. எனக்காக ஒருக்கால் சொல்லிப் பாக்கிறீங்களோ?"

"ஓமடி, சொல்லிப் பாக்கிறன்" என்றேன்.

என் நெஞ்சு அடித்த அடி அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று, தண்ணி குடிக்க எழும்புகிறவள்போல எழும்பி, அவளைப் படியில் விட்டுவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன்.